ஏழாவது கேள்வி

1

இங்கிலாந்துக்கு வந்து பன்னிரண்டு வருஷம் முடிந்த அன்று சாயங்காலம் சேமியாப் பாயசம் வைத்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் வைத்தேன். வீட்டுக்காரருக்குத் தபால் பிரிக்கும் ஆபீஸில் மாலை ஷிப்டு, எனக்கு ஆஸ்பத்திரியில் காலை ஷிப்டு. நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் நிதானமாகப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போதுதான். ஆகவே பாயசத்துக்கு மிஞ்சியது நானும் என் மகள் ரோசியும். அவள் இரண்டு கரண்டி சாப்பிட்டாள், முந்திரியை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டாள், வீட்டுப்பாடத்தை விரித்துவிட்டாள்.

ரோசிக்கு ஒன்பது வயது. தமிழில் சொன்னால் புரிந்துகொள்வாள், பதில் இங்கிலீஷில்தான் வரும். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எங்கள் வீட்டில் தமிழ் என்பது திட்டுவதற்கும் சாப்பிடக் கூப்பிடுவதற்கும் என்று ஆகி ரொம்ப நாளாகிறது. பிள்ளை அதை வைத்துக்கொண்டு எப்படிப் பேசும்?

அன்றைய பாடம் ஒரு பத்தி, அதன் கீழே கேள்விகள். ஒரு கிழவருடைய நாய் காணாமல் போகிறது, அவர் சாயங்காலம் வரை தேடிப் போகாமல் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஏன் உடனே தேடிப் போகவில்லை என்பது கேள்வி. ரோசி பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“இதுக்கு என்னடி யோசனை? கேள்வியில இருக்குற சொல்லு பத்தியில எங்க வருதுன்னு பாரு. அந்த வரிய அப்படியே எழுது” என்றேன்.

அதில் எங்கேயும் இருக்காது, நாம் என்ன நினைக்கிறோமோ அதைத்தான் எழுத வேண்டும் என்று அவள் இங்கிலீஷில் சொன்னாள். சொன்ன தொனியில் அம்மாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற இரக்கம் இருந்தது. நோட்டை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். ‘கிழவர் ஏன் உடனே போகவில்லை என்று நீ நினைக்கிறாய்?’ என்று பள்ளிக்கூடத்துத் தாளிலேயே அச்சடித்திருந்தது.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று பிள்ளை பயந்துபோய்விட்டாள். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. அந்த மாதிரி ஒரு கேள்வியை ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால், இன்றைக்கு எனக்குப் பக்கத்து வார்டில் லூர்தக்கா நர்ஸாக இருந்திருப்பார்.

2

அரியலூருக்குப் பக்கத்தில் கன்னியர் நடத்திய ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நானும் லூர்தக்காவும் வார்டு உதவிக்கு இருந்தோம். பெரம்பலூரும் அரியலூரும் அப்போது எல்லாவற்றுக்கும் திருச்சியையே பார்த்துக்கொண்டிருந்த காலம். எனக்குச் சொந்த ஊர் வரதராஜன்பேட்டை. லூர்தக்கா வாழ்க்கைப்பட்டது ஏலாக்குறிச்சிப் பக்கம், நெல்லும் மாடும் உள்ள குடும்பம். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவருக்கு ஒரு பையன் பிறந்து, இரண்டு வயதில் காய்ச்சலில் இறந்துபோனான். அதற்கப்புறம் கணவர் பம்பாய்க்குப் போனார், போனவர் போனவர்தான். அந்த வீட்டில் இனிமேல் என்ன இருக்கிறது என்று லூர்தக்கா ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவர் மேலே சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை.

ஒருநாள் ஆஸ்பத்திரிக்குத் தலைவியாக இருந்த மதர் எங்களைக் கூப்பிட்டார். இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரி நர்ஸ் பயிற்சிக்குப் பெண்களை எடுக்கிறது, எட்டு மாதம் கழித்துத் திருச்சியில் இங்கிலீஷ் எழுத்துப் பரீட்சை, ஒரு பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள், பத்து விடை எழுத வேண்டும் என்றார். நாங்கள் இருவரும் தமிழில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்கள். இங்கிலீஷில் தட்டுத்தடுமாறித் தேறியவர்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. மதருக்கு நேரம் இல்லை.

லூர்தக்கா திருச்சிக்குப் போய் அட்டை கிழிந்த ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தை வாங்கி வந்தார். முப்பது பத்திகள், ஒவ்வொன்றுக்கும் பத்துக் கேள்விகள், கடைசியில் எல்லாவற்றுக்கும் விடைகள். முதல் வாரம் நான் விடைப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எட்டாம் நாள் லூர்தக்கா கட்டுத்துணி வெட்டும் கத்தரியை எடுத்து, விடைப் பக்கங்களை மட்டும் வெட்டி, நூல் போட்டுத் தனியாகத் தைத்துவிட்டார். “பதில் எழுதுறவ கையில இது இருக்கக் கூடாது மேரி. இருந்தா நாம படிக்கல, காப்பி அடிக்கிறோம்” என்றார்.

மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நான்கு வரை நோயாளிகள் தூங்குவார்கள். அப்போதெல்லாம் கட்டுத்துணியைத் தூக்கிப்போடுவது கிடையாது. துவைத்து, கொதிக்கவைத்து, காயவைத்து, மறுபடி சுருட்ட வேண்டும். அந்தச் சுருட்டும் அறைதான் எங்கள் பள்ளிக்கூடம். ஒருத்தி சுருட்டுவாள், ஒருத்தி உரக்கப் படிப்பாள். ஒவ்வொரு பத்தியும் மூன்று தடவை. முதல் தடவை அகராதியைத் தொடக் கூடாது. இரண்டாம் தடவை தெரியாத சொல்லுக்குக் கீழே பென்சில் கோடு போட்டு, அர்த்தம் இதுவாக இருக்கலாம் என்று ஊகம் சொல்ல வேண்டும், அப்புறம்தான் அகராதி. மூன்றாம் தடவை கேள்விகளைப் படித்துவிட்டுப் பத்தியைப் படிக்க வேண்டும். விடையைப் பழைய காய்ச்சல் அட்டவணைத் தாள்களின் முதுகில் பென்சிலால் எழுதுவோம். மற்றவள் தைத்து வைத்த விடைப் பக்கங்களைப் பார்த்துத் திருத்துவாள். எங்கள் உச்சரிப்பைக் கேட்டு, ஜுரத்தில் கிடந்த ஒரு வாத்தியார் படுக்கையிலிருந்தே தலையில் அடித்துக்கொண்டதுண்டு.

நான் சீக்கிரமே குறுக்கு வழியைக் கண்டுபிடித்துவிட்டேன். கேள்வியில் இருக்கும் பெரிய சொல்லைப் பத்தியில் தேடுவது, அது இருக்கும் வாக்கியத்தை அப்படியே தூக்கி வைப்பது, ‘ஒய்’ என்று கேட்டால் முன்னால் ஒரு ‘பிகாஸ்’ போடுவது. அர்த்தம் புரிய வேண்டிய அவசியமே இல்லை. பத்துக்கு ஒன்பது கிடைத்தது. லூர்தக்காவுக்கு ஆறு, ஏழு. அவர் பத்தியில் வருகிற ஆட்களோடு சண்டைக்குப் போவார். “இந்த வியாபாரி ஏன் பொய் சொல்றான்? பொண்டாட்டிக்குத் தெரிஞ்சுதான் இருக்கு, அவ ஏன் வாய மூடிக்கிட்டு இருக்கா?” என்பார். புத்தகத்தில் அந்தக் கேள்வியே இருக்காது. “அக்கா, கேட்டதுக்கு மட்டும் எழுதுங்கக்கா” என்று நான் கத்துவேன்.

3

பத்தொன்பதாவது பத்தியில்தான் வினை வந்தது.

அதை எனக்கு இன்றைக்கும் பார்க்காமல் சொல்ல முடியும். டாக்டர் ஆறு மைல் தள்ளி ஒரு டவுனில் இருக்கிறார் என்று ஆரம்பிக்கும். கிராமத்தில் ஒரு பெண், அவளுடைய குழந்தைக்குக் காய்ச்சல். அறுவடை நேரம். இரண்டாம் நாள் அவள் அதே டவுனில் டாக்டர் வீட்டுக்கு அடுத்தாற்போல் இருக்கும் சந்தைக்குப் போய்க் காய்கறி விற்றுவிட்டு வருகிறாள். ஐந்தாம் நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போகிறாள். முன்னமே ஏன் கொண்டுவரவில்லை என்று டாக்டர் கேட்கிறார். அவள் தரையைப் பார்க்கிறாள். அவ்வளவுதான் பத்தி. அந்தக் குழந்தை பிழைத்ததா என்று புத்தகம் சொல்லவில்லை. பத்துக் கேள்விகளில் அதுவும் ஒன்றாக இல்லை.

ஏழாவது கேள்வி: அந்தப் பெண் குழந்தையை முன்னமே ஏன் டாக்டரிடம் கொண்டுபோகவில்லை? புத்தகத்தின் விடை: டாக்டர் தூரத்தில் இருந்ததால்.

அன்று பதில் எழுதியது லூர்தக்கா, விடைப் பக்கங்கள் என் கையில். அவர் எழுதியிருந்ததைத் தப்பு என்று அடித்தேன்.

“எப்புடித் தப்பு?” என்றார். “ரெண்டாம் நாளே சந்தைக்குப் போயிருக்கா. டாக்டர் வூட்டு வாசல் வழியாத்தான் போயிருக்கா. அவளுக்கு எப்புடி தூரம்?”

“விடையில அப்படித்தான்க்கா போட்டிருக்கு.”

“போட்டவன் பத்திய முழுசாப் படிக்கல புள்ள. மொத வரியப் பாத்துட்டுப் போட்டுட்டான்.”

“நமக்கு எதுக்குக்கா அது? மார்க்குதான வேணும்?”

லூர்தக்கா சுருட்டிக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

“அறுப்பு நடக்குது மேரி. களத்துல பத்து ஆளு. ஆக்கிப் போடணும். புள்ளைக்கு மேலு சுடுதுன்னா, அறுப்பு முடியட்டும் போவலாம்னு சொல்லுவாங்க. மறுபடி கேக்க முடியாது. மறுபடி கேட்டா, ஒனக்கு வேல செய்ய வலிக்குதான்னு கேப்பாங்க. பஸ்ஸு இருக்கும், திருமானூர்ல டாக்டர் இருப்பாரு, எல்லாம் இருக்கும். கேக்கத்தான் பயம்.”

சொல்லிவிட்டுத் துணியை எடுத்து மறுபடி சுருட்ட ஆரம்பித்தார். அவர் பத்தியைப் பற்றிப் பேசவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றும் கேட்கவில்லை. இருபதாவது பத்தியைப் பிரித்து உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். எனக்கு இருபத்துமூன்று வயது, பயந்துபோயிருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எனக்கு அன்றைக்கும் மார்க்குதான் முக்கியமாக இருந்தது என்பதே நிஜம்.

4

திருச்சியில் பரீட்சை நடந்த ஹாலில் நாற்பது பெண்கள் இருந்திருப்போம். தாளைத் திருப்பினேன். அதே பத்தி. எங்கள் புத்தகத்திலிருந்து, கேள்வி வரிசைகூட மாறாமல் அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். மாதா கண்ணைத் திறந்துவிட்டாள் என்று சிலுவை போட்டுக்கொண்டேன்.

பத்து விடையும் எனக்கு மனப்பாடம். லூர்தக்காவுக்கும் மனப்பாடம்தான். ஏழாவதற்கு என்ன எழுதினால் மார்க் கிடைக்கும் என்பது அந்த ஹாலில் எங்கள் இரண்டு பேரைப் போல வேறு யாருக்கும் தெரியாது. டாக்டர் தூரத்தில் இருந்ததால் என்று எழுதினேன். கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். லூர்தக்கா மணி அடிக்கிறவரை எழுதிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு டீ வாங்கினோம். அவருக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது, ஆனால் முகம் கழுவிவிட்டது போலத் தெளிவாக இருந்தது. அப்படி நான் அவரைப் பார்த்ததே இல்லை.

“எழுதிட்டேன் மேரி” என்றார். “அவளுக்கு டாக்டர் வூடு தெரியும், வூட்டுல கேக்கப் பயந்துகிட்டு இருந்துட்டான்னு எழுதிட்டேன். யாருகிட்டயும் சொன்னதில்ல. எவனோ திருத்துற ஒருத்தன் படிக்கட்டும்னு எழுதிட்டேன்.” அப்புறம் என் கையைப் பிடித்தார். “நீ ஏழாவதுக்கு என்னா எழுதுன?”

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. நான் சொன்னது இதுதான்: “நீங்க எழுதுனதத்தான்க்கா எழுதுனேன்.”

அவர் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அரியலூர் வருகிறவரை பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்தார்.

இரண்டு மாதம் கழித்து எனக்கு இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. அவருக்கு வருந்துகிறோம் என்று இரண்டு வரி, காரணம் ஒன்றும் இல்லை. மதர் பரீட்சை நடத்தியவர்களிடம் விசாரித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஒரே ஒரு விடையில போச்சு. அடுத்த வருஷம் எழுதச் சொல்லு, கண்டிப்பா கிடைக்கும்” என்றார். நான் லூர்தக்காவிடம், “அடுத்த வருஷம் எழுதுங்கக்கா” என்று மட்டும் சொன்னேன். அது ஏழாவது விடைதான் என்று எனக்குத் தெரியும், ஆனால் சொல்லவில்லை. சொன்னால் என் விடை வேறு என்பது வெளியே வந்துவிடும். அவர், “பாப்பம்” என்றார்.

5

அதற்கப்புறம் எனக்கு நினைக்க நேரமில்லாமல் காகிதங்கள் வந்தன. போலீஸ் விசாரணை, தாசில்தார் கையெழுத்து, மெட்ராஸில் பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசை. குடும்பப் பெயர் என்ன என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தது. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைப் போட்டேன். அதனால் பன்னிரண்டு வருஷமாக இந்த ஆஸ்பத்திரி முழுக்க என்னை ‘நர்ஸ் சூசை’ என்றுதான் கூப்பிடுகிறது. இறந்துபோன அப்பாவை வெள்ளைக்காரக் கிழவிகள் மூத்திரப் பாத்திரம் கேட்டுக் கூப்பிடுகிறார்கள். முதலில் அழுதேன், இப்போது திரும்பிப் பார்க்கிறேன்.

குறுக்கு வழிப் படிப்பின் வண்டவாளம் இங்கே வந்த முதல் மாதமே தெரிந்தது. நோயாளியின் அட்டையில் இருப்பதை நான் அழகாக, ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதுவேன். வார்டு சிஸ்டர், அதாவது வார்டின் தலைமை நர்ஸ், படித்துவிட்டு, “நல்லது, ஆனால் இவருக்கு என்ன ஆகியிருக்கிறது என்று நீ நினைக்கிறாய்?” என்று கேட்பார். நான் அட்டையிலிருந்த வரியையே திரும்ப ஒப்பிப்பேன். அவர் பொறுமையாக, அது அட்டையில் இருக்கிறது, உன்னிடம் என்ன இருக்கிறது என்பார். என்னிடம் ஒன்றும் இருக்காது. லூர்தக்காவிடம் நிறைய இருந்திருக்கும்.

கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அவருக்குக் கடிதம் எழுதினேன். அவர் இங்கிலீஷில் பதில் போடுவார், பழக்கம் விட்டுப்போகக் கூடாதாம். படிக்க வேறொன்றும் கிடைக்காமல் மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாள்களைப் படிப்பதாகவும், இரண்டாம் தடவையில் தெரியாத சொல்லுக்குக் கோடு போடுவதை இன்னும் விடவில்லை என்றும் எழுதியிருந்தார். ஒவ்வொரு கடிதத்திலும் எங்கேயாவது ‘நாம் இரண்டு பேரும்’ என்று வரும். அந்த இடம் வந்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிடுவேன். ஐந்தாறு வருஷத்தில் வேலை, பிள்ளை என்று சாக்குச் சொல்லிக்கொண்டு நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

6

ரோசியின் வீட்டுப்பாட நோட்டைப் பார்த்த பிறகு என்னால் இருக்க முடியவில்லை. மே மாதம் லீவு போட்டுக்கொண்டு அவளையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். மூன்றாம் நாள் காலை அரியலூரில் லூர்தக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். அதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார், இப்போது ஆயாக்களுக்கெல்லாம் மேற்பார்வை. தலை பாதி நரைத்துவிட்டது. என்னை ஒரு குறையும் சொல்லவில்லை. கடிதம் ஏன் நின்றது என்றுகூடக் கேட்கவில்லை. ரோசியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் கையிலிருந்த கதைப் புத்தகத்தை வாங்கி, ஒரு பக்கத்தை நிதானமாக உரக்கப் படித்தார். உச்சரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினார். ரோசி சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

காப்பி குடித்து முடித்ததும் கேட்டுவிட்டேன். “நீங்க ஏன்க்கா மறுபடி எழுதல?”

“எழுதி என்னா ஆவப் போவுதுன்னு வுட்டுட்டேன்” என்றார். “நீயும் நானும் ஒரே பதிலத்தான எழுதுனோம்? ஒன்ன எடுத்தாங்க, என்ன எடுக்கல. அப்ப பேப்பர்ல குத்தம் இல்ல. புருசன் வுட்டுட்டுப் போனவளுக்கு எடம் இல்லன்னு புரிஞ்சுபோச்சு. அதுக்கு எத்தன தடவ எழுதுனாலும் ஒண்ணுதான்.”

அந்த ஒரு விடையை மாற்றியிருந்தால் போதும். அவர் மாற்றியிருப்பாரா மாட்டாரா, அது அவர் பாடு. மாற்றலாம் என்பதே தெரியாமல் செய்தது நான். அவர் மனம் நோகக் கூடாது என்று சொன்ன ஒரு வார்த்தை, அவருடைய அடுத்த பரீட்சையைப் பறித்துவிட்டது. இங்கிலாந்திலிருந்து இதைத்தான் சொல்ல வந்தேன், சொல்லாமல் திரும்பக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

“அக்கா, நான் நீங்க எழுதுனத எழுதல. டாக்டர் தூரத்துல இருந்தாருன்னுதான் எழுதுனேன். பஸ் ஸ்டாண்டுல ஒங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன். ஒரே ஒரு விடையிலதான் போச்சுன்னு மதர் அப்பவே சொன்னாங்க. அதையும் மறைச்சுட்டேன்.”

திட்டுவார், எழுந்து போகச் சொல்வார் என்று காத்திருந்தேன். இரண்டையும் வாங்கிக்கொள்ளத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தேன்.

“அப்ப நான் மட்டும்தான் எழுதுனேனா?” என்றார்.

“ஆமாக்கா. ஒங்க இங்கிலாந்த நான்தான் கெடுத்துட்டேன்.”

“இங்கிலாந்து கெடக்குது புள்ள. இங்க சுத்துன துணிய அங்க சுத்தியிருப்பேன்.” காலி டம்ளரைக் கையிலெடுத்துக்கொண்டார். “எம் புள்ள ஏன் செத்தான்னு ஒனக்கும் தெரிஞ்சு, நாம ரெண்டு பேரும் கைப்பட எழுதி வச்சிருக்கோம்னு நெனச்சுக்கிட்டுத்தான் இத்தன வருசம் இருந்தேன்.”